மழவர்

மழவர், சங்க இலக்கியம் பேசும் மறக்குடியினர். கனத்த கவசமும் அணிவகுப்பும் இல்லாமல், வில்லோடு திடீரெனப் பாய்ந்து தாக்கிவிட்டு விலகும் இலகு படைக்குத் தமிழகத்தில் கிடைக்கும் நல்ல சான்று இவர்களே. கொல்லிமலை ஓரியையும் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியையும் புலவர்கள் மழவர் தலைவர்களாகப் பாடினர். கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர், பெரம்பலூர், இலால்குடிப் பக்கங்கள் சோழர் காலத்தில் மழநாடு எனப்பட்டன.

இவர்களின் முதன்மைத் தொழில் வெட்சிப் போர், அதாவது ஆநிரை கவர்தல். பகைவரின் மாடுகளை ஓட்டி வருவது இன்று சிறு திருட்டாகத் தோன்றலாம். ஆனால் மாடே செல்வமாக இருந்த காலம் அது. நிரையை இழந்தவன் ஊரைவிட்டு வெளியேறித் துரத்தியே ஆக வேண்டும். துரத்தி வருபவனுக்காகப் புதர்க்காட்டில் விற்கள் காத்திருக்கும். மீட்கப்போய் இறந்தவருக்கு நடுகல் நட்டனர். மழவர் காலாட்களாக மட்டும் போரிடவில்லை. குதிரையோடு வந்த மழவரைப் பொதினித் தலைவன் நெடுவேள் ஆவி விரட்டியதை அகநானூற்று முதற்பாட்டிலேயே மாமூலனார் குறிப்பிடுகிறார்.

அகப்பாடல்களில் இவர்கள் பெரும்பாலும் கொடியவராகவே வருகிறார்கள். பொருள் தேடிப் பாலைவழி போகும் தலைவனுக்கு நேரக்கூடிய ஆபத்தைச் சொல்லும் இடங்கள் அவை. அதை மட்டும் படித்துவிட்டு வழிப்பறிக் கூட்டம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி. அதியமானின் வலிமையே இவர்கள்தாம். கிரேக்கத்திலும் இலகு படையினர்மீது இதே ஏளனம் இருந்தது. கி.மு. 390-இல் கொரிந்து நகருக்கருகே, ஏதென்ஸ் தளபதி இபிக்ரேட்டசின் எறியீட்டி வீரர்கள் நெருங்காமலே தாக்கித் தாக்கி, சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் படைப்பிரிவைச் சிதைத்த பிறகுதான் அது தணிந்தது.

தமிழகத்தில் பின்னாளில் சோழர்கள் வில்லாளரை நிலைப்படையாக்கினர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’ என்ற பிரிவைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன.

மழவர் பெயர் பட்டமாகவும் நிலைத்தது. சோழ அரசி செம்பியன் மாதேவி மழவரையர் மகள். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி, மழவர் பாடியிறங்கிய இடம் என்பது ஊர் வழக்கு. அரியலூர்ப் பாளையக்காரர்களும் மழவராயர் என்றே பட்டம் சூடினர். 1765-இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயர் படையும் சேர்ந்து அந்தப் பாளையத்தைக் கைப்பற்றின.