பொருந்தா மொழியும் புரிந்துகொள்ளும் செவியும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். எள்ளல் வெளிப்படும் வழிகள் பல. நடப்போடு பொருந்தாத ஒன்றைச் சொல்லி, அப்பொருந்தாமையாலேயே உண்மையை உணர்த்துவது அவற்றுள் நுட்பமானது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு இதற்குப் பழஞ்சான்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது பாட்டின் பழங்குறிப்பு. பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் அவை பொலிந்ததை ஔவையார் எடுத்துரைத்தார். தம் தலைவனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகச் சொன்னார். போர்க்கருவியை அதன் ஒப்பனைக்காகப் பாராட்டுதல் பொருந்தாது. அப்பொருந்தாமையே தூதுச் செய்தி. பகையரசன் மனையில் அவனைப் பழித்தல் அரிது, பாராட்டுதற்குத் தடையில்லை.

1073ஆம் குறளில் வள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டார். கேட்போர் திகைக்கும் ஒப்புமை இது. இரு சாராரும் தாம் விரும்பியவாறே ஒழுகுவர் என்ற காரணத்தைக் கேட்ட பின்னரே புகழ் பழியாகத் திரிகிறது. பின்வந்த தண்டியலங்காரம் இத்தகைய கூற்றுகளை இலேச அணியின்பாற் படுத்தி இலக்கணம் வகுத்தது.

15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் காளமேகப் புலவரிடம் இவ்வழக்கு அன்றாடப் பேச்சுக்கு நெருங்கி வருகிறது. நாகையில் காத்தான் சத்திரத்தில் உணவுக்குக் காத்திருந்த அவர், அந்தியில் அரிசி வரும், உலையேற்றுமுன் ஊர் உறங்கும், ஓரகப்பைச் சோறு இலையில் விழுகையில் விடிவெள்ளி தோன்றும் என்று பாடினார். எச்சத்திரமும் அத்துணைக் காலம் தாழ்த்தாது. ஆயினும் பசித்தவன் கணக்கில் அது பொய்யன்று. சத்திரத்துக்குரியவர் வருந்தவே, அதே சொற்களுக்குப் புகழ்ப்பொருள் விரித்துக் காட்டினார் என்பது செவிவழிச் செய்தி.

மூவிடத்தும் சொல்வோரும் கேட்போரும் உண்மையை முன்னரே அறிவர். அவ்வறிவு பொதுவாக இருக்கும்வரையே பொருந்தா மொழி குறிப்பாக நிற்கும். இக்காலப் பாராட்டு மேடைகளில் புதிதாய் எழுத வந்தவரும் கம்பராகிறார், அவையும் கைதட்டுகிறது. மிகைப்புகழ்ச்சி இயல்பாகிவிட்ட அவையில் ஔவையாரே வந்து பேசினும், தொண்டைமான் மகிழ்ந்து பொன்னாடை போர்த்திவிடக்கூடும். எள்ளலைக் காக்க விரும்பும் புலவர், புகழையும் அளந்து வழங்குதல் வேண்டும்.