மிக்ஸியின் சிவப்புப் பொத்தானும் நான் தட்டச்சு செய்த மெமோவும்

போன வாரம் அடைக்கு ஊறவைத்த பருப்பை அரைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு மிக்ஸி பாதியில் நின்றுவிட்டது. "மோட்டார் போச்சு" என்றாள் மனைவி. ஜாரை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கினேன், ஓடியது. இனிமேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைக்கச் சொன்னேன். அதற்கு வந்த பதிலை இங்கே எழுத வேண்டாம்.

அந்தப் பொத்தானைப் பார்த்ததும் நான் தட்டச்சு செய்த ஒரு மெமோ நினைவுக்கு வந்தது. மெமோவுக்கு முன் பொத்தானின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பியில் பாயும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 1840-களின் தொடக்கத்தில் ஜூல் என்ற ஆங்கிலேயர் சொன்ன கணக்கு இது. மோட்டாரைக் கொல்வது இந்தச் சூடுதான். செம்புச் சுருளின் காப்பு கருகினால் பிறகு ரீவைண்டிங் கடைதான் கதி. தாங்கும் வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பார்கள்.

ஃபியூஸ் போட்டால் போதாதா? போதாது. கிளம்பும்போது மோட்டார் வழக்கமாக இழுப்பதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். சில விநாடிகள்தான் என்பதால் அத்தனை செம்பும் இரும்பும் அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த ஆறு மடங்குக்கு எரியாத ஃபியூஸ், ஒன்றேகால் மடங்குப் பளுவில் ஒரு மணி நேரம் வேகும் மோட்டாரைக் கண்டுகொள்ளாது. வேண்டியது, மோட்டாரைப்போலவே மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும் ஒரு பொருள்.

அது கடிகாரத்திலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்குக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாகச் சேர்த்தார். சூட்டில் பித்தளை அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும், சேர்ந்த தகடு வளையும். பிறகு 1896-இல் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில், அளவைகளுக்கான சர்வதேச நிலையத்தில் வேலை பார்த்த சுவிட்சர்லாந்துக்காரர் கியோம், சூட்டில் ஏறக்குறைய நீளவே நீளாத நிக்கல்-இரும்புக் கலவையைக் கண்டார். அதற்கு 'இன்வார்' என்று பெயர், மாறாதது என்ற பொருளில். 1920-இல் நோபல் பரிசு வாங்கினார். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தார்கள், அவர் என்னவோ எங்கள் தெருக்காரர் மாதிரி. இன்வாரை ஒரு பக்கம் வைத்த தகடு இன்னும் நன்றாக வளையும். மோட்டாரின் மின்சாரத்தால் இந்தத் தகட்டைச் சூடாக்கி, வளைந்ததும் ஸ்விட்சைத் தட்டிவிடச் செய்தால் அதுதான் ஓவர்லோடு ரிலே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிலே மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மின்சாரத்தை வைத்துச் சூட்டை ஊகிக்கிறது. மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும்வரை ஊகம் சரியாக இருக்கும். ஏனென்றால் மோட்டாரின் பின்னால் அதே தண்டில் மாட்டிய விசிறியும் அதே வேகத்தில் காற்றடிக்கிறது.

வேகத்தை மாற்றுவது பழைய ஆசைதான். 1891-இல் அமெரிக்கரான வார்டு லெனர்டு ஒரு வழி செய்தார். ஒரு மோட்டாரின் வேகத்தை மாற்ற இன்னொரு மோட்டாரும் ஒரு ஜெனரேட்டரும் வேண்டும்! 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் தைரிஸ்டர் பிறந்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் வலுத்து, மூன்று இயந்திரங்களின் வேலை சுவரில் மாட்டும் ஒரு பெட்டிக்குள் வந்தது. அதைத்தான் டிரைவ் என்கிறோம். அதன் உள்ளே இருப்பது சிலிக்கான் சில்லு. செம்பைப்போல அதற்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பு கிடையாது. அதனால் பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள்: விசிறி, பம்பு வேலைக்கு 110 சதவீதம், கன்வேயர் போன்ற கடின வேலைக்கு 150 சதவீதம், இரண்டும் ஒரு நிமிடத்துக்கு. மறுபடி கேட்க வேண்டுமானால் பல நிமிடம் பொறுக்க வேண்டும். சம்பள அட்வான்ஸ் மாதிரிதான்.

1990-களின் பிற்பாதியில் நான் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அயல்பணியில் இருந்தேன். கரும்பை ஆலைக்குள் கொண்டுபோகும் கேரியருக்குப் புதிதாக ஒரு பிரெஞ்சு டிரைவ் வைத்தார்கள். மோட்டார் மட்டும் பழையது. அரவைப் பருவத்தில் ஒரு நாள், கரும்பு வரத்து மட்டாக இருந்ததால் கேரியரைப் பல மணி நேரம் மெதுவாகவே ஓட்டினார்கள். டிரைவ் ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. மோட்டார் எரிந்தது. ஷிப்டில் இருந்த ஆபரேட்டருக்கு "அஜாக்கிரதை" என்று மெமோ, ரீவைண்டிங் செலவு சம்பளத்தில் பத்துத் தவணையாகப் பிடித்தம். "மீட்டர்ல கரண்டு சரியாத்தான் சார் காட்டுச்சு" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே டைப் அடித்தேன்.

அரவை முடிந்து ஸ்டோரில் இருப்புச் சரிபார்த்தபோது டிரைவோடு வந்த கையேடு கிடைத்தது. முழுக்கப் பிரெஞ்சு. எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் என்னைப் படிக்கச் சொன்னார். மோட்டாரின் வெப்பக் காவல் என்ற பகுதியில் இரண்டு சொற்கள்: 'ஒத்தோவாந்திலே', 'மோத்தோவாந்திலே'. முதலாவது, தன் தண்டிலேயே விசிறி உள்ள மோட்டார். இரண்டாவது, விசிறிக்குத் தனி மோட்டார் உள்ளது. முதல் வகை என்று டிரைவுக்குச் சொல்லிவைத்தால், வேகம் குறையும்போது காற்றும் குறையும் என்று அது கணக்குப் போட்டு முன்னதாகவே நிறுத்தும். கேரியருக்கு எந்த வேகத்திலும் கிட்டத்தட்ட அதே இழுப்பு வேண்டும், அதனால் அதே மின்சாரம், அதே சூடு. விசிறி மட்டும் தூங்கிவிடும்.

சூப்பர்வைசர் போய்ப் பெட்டியின் திரையில் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது வகை என்று வைத்திருந்தது. எங்கள் மோட்டார் முதல் வகை. வைத்தது ஆபரேட்டர் அல்ல. டிரைவை மாட்டிக்கொடுக்க வந்தவர்கள்.

நான் ஒரு குறிப்பு எழுதி, அந்தப் பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து ஃபைலில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து "பார்க்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. பிடித்தம் நிற்கவில்லை. இன்னொரு குறிப்பு எழுதியிருக்கலாம். அயல்பணி முடிய நாலு மாதம் இருந்தது, எழுதவில்லை. ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த பருவத்துக்கு முன் கேரியர் மோட்டாருக்குத் தனி விசிறி வாங்கினார்கள். பில் என் மேசைக்குத்தான் வந்தது. அவரிடம் பிடித்த தொகையில் பாதிகூட இல்லை. கேரியர் நின்றிருக்கும்போதும் அந்த விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.