நெதர்லாந்து–இந்தியா நீர்க் கூட்டுறவு: சென்னை

வெள்ளம், வறட்சி, கழிவுநீர் ஆகிய மூன்றையும் சமாளிக்க இந்திய, நெதர்லாந்து அரசுகள் சேர்ந்து செய்துவரும் பணிகளில் சென்னைக்கு உரிய பகுதி இது. 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்னும் திட்டமே இதில் முதன்மையானது.

டச்சுக்காரர்கள் இந்தக் கடற்கரைக்குப் புதியவர்கள் அல்லர். 17ஆம் நூற்றாண்டிலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள். நீர் தொடர்பான அரசுமுறை உறவோ 1980களில் கங்கைக் கரையை எட்டியது. கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதியில் தோல் ஆலைக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் சுத்திகரிக்க டச்சு உதவியோடு நிலையங்கள் எழுந்தன. 2003இல் இந்திய அரசு ஒருசில நாடுகள் தவிர மற்றவற்றிடம் இருதரப்பு நிதியுதவி பெறுவதில்லை என்று முடிவெடுத்தது. நிறுத்தப்பட்ட நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. பிறகு அந்நாடு பெரும் பணத்தோடு வரவில்லை. திட்டமிடும் முறையோடு வந்தது. சென்னையின் கதை இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைகடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகரத்தின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கு இந்த நிலை வந்திருக்கவே கூடாது.

இவ்விரண்டு பேரிடர்களுக்கும் நடுவே, 2018இல், நெதர்லாந்து அரசு ஆசிய நகரங்களுக்கான நீர்த்திட்ட முயற்சியொன்றைத் தொடங்கியது. அந்நாட்டின் பன்னாட்டு நீர் விவகாரச் சிறப்புத் தூதர் ஹெங்க் ஓவிங்க் இதை முன்னின்று நடத்தினார். சென்னை, வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங் ஆகிய மூன்று நகரங்கள் தேர்வாயின. சென்னைக்கு இரண்டு குழுக்கள் பணியாற்றின. அவற்றில் ஒன்றே 'ஆயிரம் குளங்களின் நகரம்'. ராட்டர்டாமின் ஊஸ் கட்டடக்கலை அலுவலகத்தோடு மெட்ராஸ் டெரஸ், கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி முதலியவை அதில் இணைந்தன.

குளங்களைப் பற்றிப் பேசினால் தியாகராய நகரைத் தவிர்க்க முடியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, ஒரு நீண்ட ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920களில் வீட்டுமனைகளுக்காக அதைத் தூர்க்கத் தொடங்கினார்கள், தி.நகர் பிறந்தது. இன்றும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து யாரும் வியக்க வேண்டியதில்லை. பள்ளம் எங்கே என்பது தண்ணீருக்குத் தெரியும்.

தூர்த்த ஏரியை மீட்க முடியாது என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறது. அதற்கு மாற்றாக, நகரெங்கும் சிறுசிறு இடங்களில் மழைநீரையும் கழிவுநீரையும் பிடித்து, வடிகட்டி, நிலத்தடிக்குள் அனுப்பச் சொல்கிறது. தமிழ்நாடு இதில் பாதியை முன்பே சட்டமாக்கியிருந்தது: 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கழிவுநீரையும் அதே கணக்கில் சேர்த்ததுதான் இத்திட்டத்தின் துணிவு. மழை ஆண்டுக்குச் சில மாதமே பெய்யும். சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் நீர் தினமும் வரும்.

இதன் முன்னோடி அமைப்பு அண்ணா மேம்பாலத்துக்கு அருகே, பார்வையற்ற, செவித்திறனற்ற மாணவர்கள் படிக்கும் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் வளாகத்தில் உருவானது. அங்கே கழிவுநீர் சரளைக்கல் நிரப்பிய, செடிகள் வளரும் படுகையின் வழியே இறங்குகிறது. கல்லிலும் வேரிலும் படிந்த நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. கூரைகளில் விழும் மழை தனியே சேகரமாகிறது. விடுதியோடு கூடிய பள்ளிக்கு லாரித் தண்ணீர் எவ்வளவு பெரிய செலவு என்பதை 2019இல் இந்நகரில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

2021 ஏப்ரலில் இரு நாட்டுப் பிரதமர்களும் காணொலி வழியே சந்தித்து நீருக்கான உத்திசார் கூட்டாண்மையை அறிவித்தார்கள். அறிவிப்பு டெல்லியிலும் தி ஹேக்கிலும் நடந்தாலும், வேலை நடக்க வேண்டியது வார்டு அளவில். சென்னையிலோ மழைநீர் வடிகால் மாநகராட்சியின் கையில், குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் கையில், ஏரியும் ஆறும் நீர்வளத் துறையின் கையில். மூன்றையும் ஒரே நீராகக் கருதும் திட்டத்தை ஒரு பள்ளி வளாகத்தில் நிறைவேற்ற முடிந்ததற்குக் காரணம், அங்கே மூன்றுக்கும் ஒரே நிர்வாகம் இருந்ததே. தெருவுக்கும் வட்டாரத்துக்கும் அதை எடுத்துச்செல்ல, இந்த மூன்று அலுவலகங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த ஏற்பாட்டை நெதர்லாந்து செய்து தர முடியாது.