தூய்மையான அறைகளில் மடிந்த குழந்தைகள்

நோய்க்குக் கிருமியே காரணம் என்ற அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருங்கொடை. அதனை ஏற்ற குழந்தைக் காப்பகங்கள் சுவர்களைக் கழுவின, பாலைக் காய்ச்சின, தொற்றுக்கு அஞ்சிக் குழந்தைகளைத் தனித்தனியே கிடத்தின. ஆயினும் பல காப்பகங்களில் சாவு குறையவில்லை.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ், 1945இல் இரு காப்பகங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கானது. அங்கே தூய்மைக்குக் குறைவில்லை. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலிதான். தொட்டிலைச் சுற்றித் துணி தொங்கியதால் குழந்தை கண்டதெல்லாம் கூரையே. மற்றொன்று பெண்களுக்கான சிறையைச் சார்ந்தது. அங்கே கைதிகளான தாய்மாரே தம் மக்களைப் பேணினர். முன்னதில் தட்டம்மை பரவியபோது 88 குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். பின்னதில், ஸ்பிட்ஸ் கவனித்த காலத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை.

அவருடைய ஆய்வுமுறையைப் பிற்காலத்தவர் கடுமையாகக் குறைகூறினர். அதில் நியாயமும் உண்டு. எனினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. தனிமை எவ்வாறு நோய்க்கு வாயில் திறக்கும்?

விடையின் முதல் இழை முன்னரே கிடைத்திருந்தது. 1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே, குளிராலும் காயத்தாலும் வருத்தப்பட்ட எலிகளின் உடலில் அட்ரினல் சுரப்பி பருத்திருப்பதையும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருப்பதையும் கண்டார். தைமஸின் பணி அன்று தெளிவாகவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் உருவாக அது இன்றியமையாதது என்பதை 1961இல் ஜாக் மில்லர் நிறுவினார். இடைவிடாத மன அழுத்தத்தில் பெருகும் கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் எதிர்ப்பாற்றலின் ஒழுங்கைக் குலைக்கின்றன என்பது இன்று அறிந்த உண்மை.

அன்பு பின்னர் கிடைத்தால் எல்லாம் சீராகிவிடுமா? 2009இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்டு நல்ல குடும்பங்களில் வளர்ந்த பதின்பருவத்தினரின் உமிழ்நீரைச் சோதித்தனர். ஹெர்பிஸ் வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்களிடம் மிகுந்திருந்தது. உடலில் உறங்கவேண்டிய அந்த வைரசை அடக்கிவைக்க அவர்களின் உடல் திணறுவதன் அறிகுறியாக அதனை ஆய்வாளர்கள் கொண்டனர். மனம் மறந்த தொட்டில்நாள்களை உடல் மறக்கவில்லை.

இதனைத் தலைவிதி என்று கொள்ளவேண்டியதில்லை. காலந்தாழ்த்தாதீர் என்னும் எச்சரிக்கையாகவே கொள்ளவேண்டும். காப்பகங்களை ஆராய்வோர் கட்டில்களையும் தடுப்பூசிகளையும் எண்ணுகின்றனர். எத்தனை குழந்தைகளுக்கு ஒரு மடி என்பதும் மருத்துவக் கணக்குதான்.