மூப்பும் இயற்கையின் கட்டளையும்

மூப்பினை விதியென்றும் வினைப்பயனென்றும் மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். விஞ்ஞானம் வளர்ந்தபொழுது விதியின் இடத்தை இயற்கை பெற்றது. ஆயினும், இயற்கையின் பெயரால் கூறப்படுபவை யாவும் இயற்கைக்கு உரியவையல்ல என்பதனை மூப்பு ஆராய்ச்சியின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1881ஆம் ஆண்டில் ஜேர்மனிய உயிரியலறிஞர் ஓகஸ்ட் வைஸ்மன் ஒரு கொள்கையை முன்வைத்தார். தேய்ந்த உயிர்கள் இனத்துக்குப் பயனற்றவை. நலமுள்ளவற்றின் இடத்தை அவை அடைத்து நிற்கின்றன. ஆதலின் இனத்தின் நன்மைக்காகவே இறப்பு ஏற்பட்டது என்பது அதன் சாரம். ஆலை முதலாளி தளர்ந்த தொழிலாளியை நோக்கும் நோக்கு இதில் ஒலிப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. அது நிற்க, உயிர்கள் ஏன் தேய்கின்றன என்பதன்றோ வினா? தேய்வினையே விடையின் தொடக்கமாகக் கொண்டமை இக்கொள்கையின் அடிப்படைக் குறைபாடாகும்.

இதற்கு மாற்றான சிந்தனை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. மார்க்சியவாதியும், பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவருமான ஹோல்டேன், ஹன்ரிங்டன் நோயினை 1941இல் எடுத்துக்காட்டினார். பிள்ளைகளைப் பெற்ற பின்னரே பெரும்பாலும் தோன்றும் அந்நோயினை இயற்கைத் தேர்வு எளிதில் களைய முடியாது என்றார் அவர். 1951இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆற்றிய உரையில் பீற்றர் மெடவார் இதனை விரித்தார். பசியும் பகையும் விபத்தும் நிறைந்த இயற்கைச் சூழலில் முதுமை காண்பவை சிலவே. ஆகவே வயது ஏற ஏறத் தேர்வின் வலிமை குன்றும். 1957இல் ஜோர்ஜ் வில்லியம்ஸ் மேலும் ஒரு படி சென்றார். இளமையில் எலும்பினை உறுதியாக்கும் ஒரு பரம்பரை அலகு முதுமையில் குருதிக் குழாய்களையும் இறுகச் செய்யலாம் என்பது அவர் கற்பித்துக் காட்டிய உதாரணம். ஆக்குவதே அழிப்பதுமாகும் இம்முரண்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

சோதனைச் சான்றுகளும் பின்னர்க் கிட்டின. ஒரு மில்லிமீற்றர் அளவே நீளமான ஒருவகை வட்டப்புழு, உணவு அருகிய காலத்தில் வளர்ச்சியை நிறுத்திப் பல மாதம் காத்திருக்க வல்லது. அம்முடிவினை ஆளும் பரம்பரை அலகொன்று விகாரமடைந்தபோது, வளர்ந்த புழுக்கள் இருமடங்குக்கு மேல் வாழ்ந்தமையைச் சிந்தியா கெனியன் குழுவினர் 1993இல் கண்டனர். அந்த அலகு மனிதனின் இன்சுலின் ஏற்பிக்கு ஒத்தது என்பது 1997இல் புலனாயிற்று. வளர்ச்சியை நடத்தும் ஒழுங்கே மூப்பின் வேகத்தையும் பாதிக்கின்றது! இதனைக் கொண்டு, வளர்ச்சி நிகழ்ச்சித்திட்டம் தன் பணி முடிந்த பின்னரும் நோக்கமின்றித் தொடர்வதே மூப்பு என்று 2006இல் பிளகோஸ்குளோனி வாதிட்டார். கலங்களில் சேரும் பழுதே முதற்காரணம் என்போரும் உளர், விவாதம் முற்றுப்பெறவில்லை.

எனினும் ஒன்று தெளிவு. முதியோர் ஒழியவேண்டும் என்று இயற்கை கட்டளையிட்டதாகக் கூறுவதற்கு இவ்விரு சாராரிடமும் இடமில்லை. உழைத்துத் தளர்ந்தோரைச் சுமையென்று தள்ளும் சமூகம் அப்பழியினை இயற்கையின்மேல் சுமத்தலாகாது. மூப்பினைத் தாழ்த்தும் மருந்துகள் நாளை கிட்டலாம். அவை யார் கைக்கு எட்டும் என்பதனைப் பரம்பரை அலகுகள் தீர்மானிக்கப் போவதில்லை. மூப்பினைக் காணுமுன்னரே வறுமையால் மடிவோரின் ஆயுளும் அவ்வாறே மனிதர் கையிலேயே உள்ளது.