தமிழகத்தில் கால்நடை உயர்கல்வி: நோய்த் தடுப்பிலிருந்து விலங்கு நலம் வரை – கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் கால்நடை உயர்கல்வி 1903இல் சென்னையில் தொடங்கிற்று. நோய் தீர்த்தல், பேணி வளர்த்தல், விலங்கின் நலம் காத்தல் என அதன் நோக்கம் மூன்று படிகளில் விரிந்தது. இவ்விரிவுக்கான காரணங்களையும், அதில் வளர்ப்போரின் அறிவு பெற்ற இடத்தையும் விருதுநகர் மாவட்டக் கரிசல் வட்டாரத்தின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: கால்நடைக் கல்வி, வெக்கை நோய், விலங்கு நலம், கரிசல், வேம்பூர் ஆடு.

முன்னுரை

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் மானாவாரி நிலமும் பட்டாசுத் தொழிலும் சூழ்ந்த ஊர். 2021 பிப்ரவரி 12 அன்று அங்குள்ள ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையை நம்பிய வேளாண்மையும் ஆபத்து நிறைந்த ஆலைவேலையுமே வாழ்வாதாரமாக உள்ள இத்தகைய ஊர்களில், அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கத்தக்க உடைமை ஆடே. எனவே, ஆட்டையும் மாட்டையும் பேணும் அறிவு எங்கே உருவாகிறது, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்னும் வினா இங்கு வாழ்வோடு தொடர்புடையது.

நோயும் அரசும்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1762இல் பிரான்சின் லியோன் நகரில் திறக்கப்பெற்றது. மாடுகளைக் கொன்றழித்த வெக்கை நோயே அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். இந்தியாவில் படைக்குதிரைகளின் தேவை முன்னின்றது. ஆயினும் மாட்டுநோய்களின் பேரிழப்பு அரசின் கவனத்தை விரைவில் திருப்பிற்று. சென்னை மாகாணம் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றியது. ஹாலன் தலைமையிலான கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871இல் அறிக்கை அளித்தது. லாகூர் (1882), பம்பாய் (1886), கல்கத்தா (1893) ஆகிய இடங்களில் கல்லூரிகள் தோன்றின.

சென்னையில் சைதாப்பேட்டை வேளாண் கல்லூரியில் வேளாண்மையின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்பட்ட கால்நடைப் பாடம், 1903 அக்டோபர் 1 அன்று தனிக் கல்லூரியாயிற்று. வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் அது தொடங்கிற்று. 1930களின் நடுப்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பு நிலைக்கு உயர்ந்தது. 1932இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை நிலையம் தடுப்பு மருந்து உற்பத்தியை மேற்கொண்டது. மருந்தும் அதைச் செலுத்தப் பயின்றோரும் சேர்ந்ததன் விளைவாக வெக்கை நோய் ஒடுங்கிற்று. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கால்நடைக் கல்வியின் ஆகப் பெரிய வெற்றி இதுவே.

பேணுதலும் வளர்ப்போரும்

விடுதலைக்குப் பின் பாலும் முட்டையும் இறைச்சியும் பெருக்குதல் அரசின் இலக்காயிற்று. இதனால் தீவனம், இனவிருத்தி, கொட்டில் அமைப்பு ஆகியவை பாடத்திட்டத்தில் வலுப்பெற்றன. பட்டத்தின் பெயரிலேயே ‘கால்நடை மருத்துவம்’ என்பதுடன் ‘பராமரிப்பு’ என்பதும் இணைந்தது. நாமக்கல் கல்லூரி 1985இல் தொடங்கிற்று. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இத்துறைக்கெனத் தனியே அமைந்த இந்தியாவின் முதற் பல்கலைக்கழகம் அதுவே. 2012இல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் அமைந்தன.

ஆயினும் கரிசல் வட்டாரத்தின் சிறந்த இனங்கள் கல்லூரிகளில் உருவானவை அல்ல. வெயிலையும் குறைந்த மேய்ச்சலையும் தாங்கும் வேம்பூர் ஆட்டையும் கொடி ஆட்டையும் கிடை போட்டு மேய்த்தோர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர். இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் அவ்வாறே இம்மாவட்ட ஊர்ப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. இராசபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. மாட்டு வாகடச் சுவடிகள் இருந்தும், வாய்மொழி மருத்துவம் வழக்கிலிருந்தும், கல்லூரிப் பாடம் இவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கொண்டு செய்யும் மருந்தைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி முறைப்படுத்திப் பரப்பியமை இப்போக்கில் நிகழ்ந்த மாற்றத்துக்குச் சான்று.

நலம் என்னும் கருத்து

நோய் தடுப்பதும் உற்பத்தி பெருக்குவதும் உடையவரின் நன்மையை நோக்கியவை. விலங்கின் நன்மை என்னும் கருத்து சட்டத்தின் வழியே வந்தது. உருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியைத் தொடர்ந்து 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்வழி 1962இல் அவர் தலைமையில் அமைந்த விலங்கு நல வாரியம் சென்னையையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1965இல் இங்கிலாந்தில் வெளிவந்த பிராம்பெல் அறிக்கையிலிருந்து பசி, வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலை என்னும் ‘ஐந்து விடுதலைகள்’ பின்னர் வகுக்கப்பட்டன. 2014 சல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் அவற்றை இந்தியச் சட்டத்துடன் இணைத்துப் படித்தது. 2017இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது.

இவ்வழக்கு மெய்யியல் விவாதமாக மட்டும் நின்றுவிடவில்லை. களத்தில் காளையைச் சோதித்துத் தகுதிச்சான்று வழங்கும் பொறுப்பு கால்நடை மருத்துவரிடம் வந்தது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள் நீளும் படிப்பில் விலங்கு நலமும் இடம்பெறுகிறது. ஆயினும் மரபின் பெருமைக்கும் விலங்கின் அச்சத்திற்கும் இடையே நின்று முடிவு சொல்லும் பயிற்சியை ஒரு பாடத்தாள் மட்டும் அளித்துவிட இயலாது.

முடிவுரை

கல்வியின் ஒவ்வொரு படியும் வெளியிலிருந்து வந்த நெருக்கடியால் அமைந்தது: முதலில் கொள்ளைநோய், பின்னர் உணவுத் தேவை, இறுதியில் நீதிமன்றம். வளர்ப்போரின் அறிவு இம்மூன்றிலும் பின்தங்கியே நின்றது. ஆனால் மேலாண்மையும் நலமும் கரிசல் ஊர்களில் வேறுவேறல்ல. கோடையில் ஆட்டுக்குக் கிடைக்கும் நிழலும் நீரும் அதன் நலம், அதுவே வளர்ப்பவரின் சேமிப்பு. விருதுநகர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. அண்டை மாவட்டக் கல்லூரிகளின் மாணவர்கள் அச்சங்குளம் போன்ற ஊர்களில் களப்பயிற்சி பெறுவார்களாயின், கற்பிப்பவர்களாக மட்டுமன்றிக் கற்பவர்களாகவும் அங்கே செல்வது தகும். நான்காம் படி அங்கிருந்தே தொடங்க இயலும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.