மடங்கும் கால்கள்: மாதிரிப் போர் விமானங்களின் சக்கர வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானங்களைச் சிறிய அளவில் வடித்து, வானொலி அலைகளால் இயக்கிப் பறக்கவிடும் மாதிரிக் கலையில், பறக்கத் தொடங்கியதும் சக்கரங்களை இறக்கைக்குள் மடக்கிக்கொள்ளும் பொறியமைப்புக்கு ‘ரிட்ராக்ட்’ என்று பெயர். இதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், சக்கரம் தாங்கும் காலை மடக்குவது எப்படி என்பதைவிட, இறக்கிய கால் தரையில் மோதும்போது மடங்காமல் நிற்பது எப்படி என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் கடினமான கேள்வியாக இருந்து வந்திருப்பது புலனாகும்.

முழு அளவு விமானங்களிலேயே இந்த வசதி மெல்லத்தான் வளர்ந்தது. 1920இல் கார்டன் பென்னெட் கோப்பைப் பந்தயத்தில் கலந்துகொண்ட அமெரிக்காவின் டேடன்-ரைட் விமானத்தில் விமானி கைப்பிடியைச் சுழற்றிச் சக்கரங்களை ஏற்றினார். 1933இன் இறுதியில் முதன்முறை பறந்த சோவியத் ஐ-16 சண்டை விமானத்திலும் 44 சுற்றுகள் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. 1936இல் பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் எண்ணெய் அழுத்தத்தைக் கையாண்டது. ஆனால் அதன் தொடக்க வகைகளில் அந்த அழுத்தத்தை விமானியே கைப்பம்பு அடித்து உண்டாக்க வேண்டும். 1939இல் பறந்த ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 மின்மோட்டாரை நாடியது. கையால் சுழற்றுவதில் தொடங்கி, அழுத்தத்தின் வழியாக மின்சாரத்துக்கு வந்த இந்தப் பாதையை, சற்றேறக்குறைய அதே வரிசையில், மாதிரி விமானங்களும் பின்னாளில் கடந்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த குட் சகோதரர்கள் 1937இல் ‘கஃப்’ என்ற மாதிரியை வானொலியால் இயக்கிப் பறக்கவிட்டபோது, அதைத் திருப்பவும் உயர்த்தவும் முடிந்ததே பெருஞ்சாதனையாக இருந்தது. சக்கரத்தை மடக்கும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. 1960களில், கையிலுள்ள குச்சியை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவே சுக்கானும் அசையும் விகிதமுறைக் கட்டுப்பாடு பரவி, இறக்கைச் சுக்கான், உயரச் சுக்கான், திசைச் சுக்கான், எஞ்சின் வேகம் ஆகிய நான்கு பணிகளுக்கு அப்பால் ஐந்தாவது ஒரு சேனலும் (கட்டளை வழியும்) கிடைத்த பிறகே அந்த எண்ணத்துக்கு வழி பிறந்தது.

ஆயினும், அந்த ஐந்தாவது சேனலைச் சக்கரங்களுக்காக முதலில் பெருமளவில் பயன்படுத்தியவர்கள் போர் விமான மாதிரிகளைச் செய்தவர்கள் அல்லர். வானில் வளையங்களும் உருளல்களும் காட்டும் சாகசப் போட்டி விமானிகளே 1970களில் ரிட்ராக்டுகளைப் பரவலாக்கினர். காற்றுத் தடை குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் வளையங்கள் பெரிதாக விரியும் என்பது அவர்களுடைய கணக்கு. 1980களின் நடுப்பகுதியில், பறப்பு எல்லையின் இரு முனைகளிலும் இடைவிடாமல் திரும்பித் திரும்பிச் சாகசம் செய்யும் முறை போட்டிகளில் வந்து, வேகத்தைவிட அடங்கிய, சீரான பறப்பு மதிப்புப் பெற்றபோது, அவர்கள் நிலையான கால்களுக்கே திரும்பினர். கைவிடப்பட்ட அந்த நுட்பத்தைத் தொடர்ந்து வளர்த்தது போர் விமான மாதிரிகளின் உலகமே. 1989இல் புளோரிடாவில் தொடங்கிய ‘டாப் கன்’ போன்ற உருவொப்புமைப் போட்டிகளில், மூல விமானத்தின் தோற்றத்தோடு அதன் பறப்பும் மதிப்பிடப்பட்டதால், சக்கரம் ஏறி இறங்கும் விதமும் நடுவர்களின் பார்வைக்கு உட்பட்டது.

தொடக்கக் கால ரிட்ராக்டுகளை, 180 டிகிரி சுழலும் தனிவகைச் செர்வோ (வானொலிக் கட்டளைக்கேற்பத் திரும்பும் சிறு மோட்டார்க் கருவி) ஒன்று தள்ளுகம்பிகளின் வழியே இயக்கியது. அடுத்து வந்த காற்றழுத்த வகையில், புறப்படுமுன் சிறு தொட்டியொன்றில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் அடைத்து வைத்த காற்று, மெல்லிய குழாய்களின் வழியே சென்று உந்துருளையைத் தள்ளும். காற்று கசிந்துவிட்டால் சக்கரம் இறங்காது என்ற அச்சத்தால், ஏற்றுவதற்குக் காற்று, இறக்குவதற்குச் சுருள்வில் என்ற மாற்று முறையும் தோன்றியது. இவ்விரு வகைக்கும் பொதுவான உயிர்நாடி பூட்டுதான். காலைத் தாங்கும் சுழல்துண்டில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அதனுள் ஓர் எஃகு ஊசி ஓடும். ஓட்டத்தின் இறுதியில் ஊசி காடியின் முனையில் சென்று அமர்ந்ததும், தரையிலிருந்து வரும் மோதல் ஊசி நகரும் திசையில் பாயாமல், அதற்குக் குறுக்காகச் சட்டத்தின் சுவரில் இறங்கிவிடும். ஆகவே விமானத்தின் எடையைத் தாங்குவது செர்வோவும் அன்று, காற்றும் அன்று; அந்த ஊசியே.

பொறியமைப்பைப் பொருத்தும் வேலையோ மூல விமானத்துக்கேற்ப மாறுபடும். மஸ்டாங் விமானத்தின் கால்கள் உள்நோக்கியும், ஸ்பிட்ஃபயரின் கால்கள் வெளிநோக்கியும் மடங்குபவை. இறக்கை நுனிப்பக்கமாக 5 டிகிரி மேலெழுந்திருந்தால், தரைக்குச் செங்குத்தாக நிற்கும் கால் உள்நோக்கி மடங்க 85 டிகிரியும், வெளிநோக்கி மடங்க 95 டிகிரியும் திரும்ப வேண்டும். இதைக் கணக்கிடாமல் பொருத்தினால் சக்கரம் குழிக்குள் சமமாகப் படியாது. கோர்செய்ர் விமானத்தில் கால் பின்னோக்கி மடங்கும்போதே சக்கரமும் ஏறத்தாழ 90 டிகிரி முறுக்கிக்கொண்டு படுக்கும். பி-47 தண்டர்போல்ட்டில் மடங்கும் கால் சுமார் 23 சென்டிமீட்டர் சுருங்கும். இவற்றை நகலெடுக்கக் கூடுதல் பொறிநுட்பம் தேவை. மேலும், மாதிரிகளைச் செய்யப் பயன்படும் பால்சா மரம் மிக மென்மையானது என்பதால், ரிட்ராக்டைத் திருகும் இடத்தில் வன்மரச் சட்டங்களை வைத்து, ஒட்டுப்பலகை விலாக்களோடும் இறக்கையின் நீளத் தாங்கியான ஸ்பாரோடும் எப்பாக்ஸி பசையால் பிணைப்பது வழக்கமாயிற்று. கரடுமுரடான தரையிறக்கத்தில் பூட்டு நின்று, மரம் பிளந்துபோவதும் உண்டு.

இந்த நூற்றாண்டில் சிறிய மோட்டாரும் லித்தியம் மின்கலமும் மலிந்தபின், திருகுத்தண்டைச் சுழற்றி ஊசியை நகர்த்தும் மின் ரிட்ராக்டுகள் செல்வாக்குப் பெற்றன. ஊசி முனையை எட்டியதும் மோட்டார் திணறி மின்னோட்டம் உயர்வதை உணர்ந்து, மின்சுற்று அதை நிறுத்துகிறது. ஆனால் டயர் குழியின் விளிம்பில் உரசித் திணறினாலும் பயணம் முடிந்துவிட்டதாகவே அது கருதுவதால், பாதி வழியில், பூட்டு விழாமலே கால் நின்றுவிடக்கூடும். இயக்கும் விசை செர்வோவிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மின்சாரத்துக்கும் மாறியிருக்கிறது. தரையிறங்கும் விமானத்தைக் காப்பது மட்டும் இன்றளவும், பூட்டும் ஊசியைச் சரியாக அமரச் செய்து, அதைத் தாங்கும் மரத்தை உறுதியாகப் பிணைத்தவரின் கைவேலையே.